1967 கேசினோ ராயலை பாண்ட் வரிசையில் சேர்க்கலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

ஏற்காட்டுக்_காப்பி:

வணக்கம் மக்களே, ஒரு பஞ்சாயத்து. பாண்ட் படங்களை வெளியான வரிசைப்படி மாதம் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். இடம் ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கும் நண்பன் வீடு. கூடத்துச் சுவர்தான் திரை. சேலத்திலிருந்து மேலே வருகிறவர்கள் தட்டுவடை செட் பார்சல் வாங்கி வரவேண்டும் என்பது மட்டும்தான் சந்தா. 1962 டாக்டர் நோவில் தொடங்கி 1965 தண்டர்பால் வரை ஒரு வம்பும் இல்லாமல் போனது. அடுத்தது 1967. அங்கேதான் முட்டிக்கொண்டது.

ஷான் கானரியின் ஜப்பான் படம், யூ ஒன்லி லிவ் ட்வைஸ், அந்த வருஷம் ஜூனில் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஏப்ரலிலேயே கேசினோ ராயல் வந்துவிட்டது, டேனியல் கிரேக் நடித்தது இல்லை, டேவிட் நிவன், பீட்டர் செல்லர்ஸ், உடி ஆலன் எல்லாரும் இருக்கிற அந்தக் கிண்டல் படம். நண்பனுடைய மாமா அதையும் பார்த்தே ஆகவேண்டும், வரிசை என்றால் வரிசை என்கிறார். மற்றவர்கள் அது பாண்ட் படமே கிடையாது என்கிறார்கள். சரி, கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம் என்று போட்டோம். அரை மணி நேரத்தில் ரெண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள், ஒருத்தன் பால்கனிக்குப் போய்விட்டான், மாமா மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பக்கமும் இல்லை, என்ன நடக்கிறதென்றே பிடிபடவில்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று காறித் துப்புகிறார்கள் இல்லை தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், நடுவில் யாரையும் காணோம். ஏன் அப்படி? முழுசாகப் பார்க்கத்தான் வேண்டுமா?

---

அஸ்தம்பட்டி_ரெட்ரோ:

முதலில் இது ஏன் வரிசைக்கு வெளியே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அதில் தீரும். இயான் ஃபிளெமிங் 1953-இல் எழுதிய முதல் பாண்ட் நாவலே கேசினோ ராயல்தான். மறு வருஷமே அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அதை ஒரு மணி நேர நாடகமாகப் போட்டார்கள். அதில் பாண்ட் ஒரு அமெரிக்கன், பேர் ஜிம்மி. சினிமா உரிமையை 1955-இல் கிரகரி ராட்டாஃப் என்பவர் வாங்கினார், படம் எடுக்காமலேயே 1960-இல் இறந்துபோனார், அவர் மனைவியிடமிருந்து சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற தயாரிப்பாளர் வாங்கிக்கொண்டார். கானரி படங்களின் தயாரிப்பாளர்கள் ப்ரோக்கோலியும் சால்ட்ஸ்மனும் மற்ற பாண்ட் கதைகளுக்கு உரிமை வாங்கி வரிசையைத் தொடங்கும்போது இந்த ஒரு புத்தகம் மட்டும் வேறொருத்தர் பெட்டிக்குள் இருந்தது.

ஃபெல்ட்மன் அவர்களோடு சேர்ந்து எடுக்கப் பேசிப் பார்த்தார், பேரம் படியவில்லை. அதற்குள் கானரி படங்கள் உலகம் பூராவும் ஓட ஆரம்பித்துவிட்டன. கையில் நாவல் இருக்கிறது, ஆனால் கானரி இல்லை, அந்த இசை இல்லை, அந்தத் துப்பாக்கிக்குழல் டைட்டில் இல்லை. அதே மாதிரி சீரியஸாக எடுத்தால் நகல் என்பார்கள். அதனால்தான் கிண்டல் படமாக எடுத்துவிடுவோம் என்று இறங்கினார். நாவலில் இருந்து மிஞ்சியது சூதாட்ட மேஜை, அதில் பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கத் துடிக்கும் வில்லன் லெ ஷிஃப், வெஸ்பர் என்ற பெண், அவ்வளவுதான்.

உரிமைச் சிக்கல் தீர 1999 ஆனது, சோனி, எம்.ஜி.எம். படக் கம்பெனிகள் ராசியான பிறகுதான் கதை அதிகாரபூர்வ வரிசைக்குத் திரும்பியது. 2006-இல் கிரேக் நடித்தது அப்படி வந்ததுதான். அதனால் உங்கள் பட்டியலில் இதற்கு எண் கொடுக்காதீர்கள், இடைச்செருகலாகப் போடுங்கள்.

---

குகை_ரசிகன்:

இடைச்செருகலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நான் இதை முழுசாக உட்கார்ந்து பார்த்தவன், 131 நிமிஷம். ஜான் ஹஸ்டன், கென் ஹியூஸ், வால் கெஸ்ட், ராபர்ட் பேரிஷ், ஜோ மெக்ராத் என்று ஐந்து இயக்குநர் பேர் டைட்டிலில் வருகிறது. திரைக்கதைக்குப் பேர் போட்டுக்கொண்டவர்கள் மூன்று பேர், பேர் போடாமல் கை வைத்தவர்கள் அதற்கு மேல். இங்கிலாந்தில் பைன்வுட், ஷெப்பர்டன், எம்.ஜி.எம். என்று மூன்று ஸ்டூடியோவில் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்தார்கள். ஒருத்தர் எடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நிவன் முதல் காட்சிகளில் திக்கித் திக்கிப் பேசுவார், கொஞ்ச நேரத்தில் திக்கல் எங்கே போனது என்றே தெரியாது, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

பெரிய கூத்து செல்லர்ஸ் விவகாரம். அவருக்கும் வில்லன் லெ ஷிஃபாக வருகிற ஆர்சன் வெல்ஸுக்கும் ஆகவில்லை. படத்துக்கே ஆதாரமான சூதாட்ட மேஜைக் காட்சியில் எதிரெதிரே உட்கார வேண்டிய ரெண்டு பேரையும் பெரும்பாலும் தனித்தனியாக எடுத்து ஒட்டினார்கள். அப்புறம் செல்லர்ஸ் தன் பகுதி முடியாமலேயே படத்தை விட்டுப் போய்விட்டார். அதனால்தான் அவர் பாத்திரம் திடீரென்று காணாமல் போகிறது. வில்லனிடம் மாட்டுகிறார், ஏதோ மயக்கக் கனவு மாதிரி ஓடுகிறது, ஸ்காட்லாந்துப் பை வாத்தியம் வாசிக்கிறவர்கள் கூட்டமாக வருகிறார்கள், முடிந்தது கதை. ஏன் எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

இதையெல்லாம் கூட மன்னிக்கலாம். என் கோபம் வேறு. கிண்டல் பண்ணுகிறவனுக்கு யாரைக் கிண்டல் பண்ணுகிறோம் என்று தெரியவேண்டும். கானரி படங்களே கோல்ட்ஃபிங்கரிலிருந்து பாதி நக்கலாகத்தான் போய்க்கொண்டிருந்தன, தொப்பியை வீசித் தலையை எடுக்கிற அடியாளை எல்லாம் யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கிற ஒருத்தனை நையாண்டி செய்ய அவனை விடக் கூர்மையான ஆள் வேண்டும். இவர்களிடம் இருந்தது பணமும் நட்சத்திரங்களும் மட்டும். அதிலும் லேட். 1965-லேயே அமெரிக்க டி.வி.யில் முட்டாள் உளவாளித் தொடர் வந்தாயிற்று, 1966-இல் டீன் மார்ட்டினும் ஜேம்ஸ் கோபர்னும் ஆளுக்கு ஒரு நகைச்சுவை உளவாளியாக வந்து போய்விட்டார்கள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்தால் எப்படி?

---

மரவனேரி_ஸ்பீக்கர்:

குகை அண்ணா, நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரிதான், அதே காரணங்களுக்காகத்தான் எனக்கு இந்தப் படம் பிடிக்கிறது. இது ஒரு கதை என்று நினைத்துப் போனால் தலைவலிதான். இது ஒரு வருஷத்தின் ஆடை, நிறம், பணத்திமிர், இசை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்தது. ஆடிப் பண்டிகைக்குப் போடுகிற பொருட்காட்சிக்குள் போனால் ஒரு ஸ்டாலுக்கும் அடுத்த ஸ்டாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்போமா? ராட்டினம் முடிந்ததா, அப்பளம் வாங்கு, அடுத்ததுக்கு நட.

மாட்டா பாண்ட் பெர்லினுக்குப் போகிற பகுதியைப் பாருங்கள். நிவன் பாத்திரத்துக்கும் முதல் உலகப் போர்க் கால உளவாளி மாட்டா ஹரிக்கும் பிறந்த மகளாம் அவள். அந்த உளவுப் பள்ளிக்கூடம் ஒரே கோணல், கதவு கோணல், படி கோணல், பழைய ஜெர்மன் மௌனப் படங்களில் வருகிற செட் மாதிரி கட்டியிருப்பார்கள். அதற்காக யாரோ ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. கதைக்கு அது தேவையா என்றால் தேவையே இல்லை.

பாட்டு விஷயத்தில் மட்டும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இசை பர்ட் பாக்கரக். டைட்டில் இசையில் ஹெர்ப் அல்பர்ட்டின் டிரம்பெட் வந்ததும் ஏதோ பெரிய திருவிழா ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். வெஸ்பரும் செல்லர்ஸும் தனியாக இருக்கும்போது டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடுகிற பாட்டு இருக்கிறதே, அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அவ்வளவு இரைச்சல் படத்துக்குள் அவர் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசுகிற மாதிரி பாடுவார். அந்த எல்.பி. ரெக்கார்டைத்தான் உலகம் பூரா ஹை-ஃபை பைத்தியங்கள் ஸ்பீக்கரைச் சோதிக்கத் தேடித் தேடி வாங்கினார்கள். நான் படத்துக்கு வந்து சேர்ந்ததே அந்த ரெக்கார்டு வழியாகத்தான், அதனால் என் தராசு கொஞ்சம் சாயும், தெரிந்தே சொல்கிறேன்.

படம் ஓடவில்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். செலவு ஏகத்துக்கும் போனது, ஒன்றேகால் கோடி டாலர் பக்கம் என்பார்கள், ஆனாலும் வசூலில் லாபம். விமர்சகர்கள்தான் கிழித்தார்கள்.

---

குகை_ரசிகன்:

வசூல் ஆனதற்குக் காரணம் போஸ்டரில் பாண்ட் என்று இருந்ததுதான் தம்பி. பாட்டு நல்ல பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பாட்டைக் கேட்டால் போதுமே, படத்தை ஏன் பார்க்கவேண்டும்?

---

பழைய_ரீல்:

உங்கள் சண்டைக்கு நடுவில் வயசானவன் ஒருத்தன் வருகிறேன். எல்லாரும் லண்டனையே பேசுகிறீர்களே, ஏற்காட்டுக்கு வண்டி ஏறும்போது ரோட்டோரம் ஒரு தோரண வாயில் நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ் என்று, அதைத் தாண்டித்தானே போகிறீர்கள்? ஃபெல்ட்மன் லண்டனில் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் அந்த வாயிலுக்குள்ளேயும் உளவாளிப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1966-இல் ஜெய்சங்கர் நடித்த வல்லவன் ஒருவன், அப்புறம் 1970-இல் சி.ஐ.டி. சங்கர். தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம் அவருக்கு இந்த மாதிரிப் படங்களால் வந்ததுதான். இசை வேதா, வெளிநாட்டு மெட்டு எது வந்தாலும் நம் வாய்க்கு ஏற்ற மாதிரி ஆக்கிவிடுவார். பளிங்கினால் ஒரு மாளிகை என்று எல்.ஆர். ஈஸ்வரி பாடுகிற பாட்டை எந்த பாண்ட் படத்தில் வைத்தாலும் கூச்சப்படாமல் நிற்கும்.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்தக் கம்பெனியை உண்டாக்கிய டி.ஆர். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர் போனவர். திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து சினிமாவுக்குள் இறங்கினவர். நேரத்துக்கு வரவேண்டும், கதை தயாரான பிறகுதான் கேமரா, எவ்வளவு பெரிய நடிகரானாலும் அதேதான். அவர் 1963-இல் காலமானார். உளவாளிப் படங்களை எடுத்தது அவர் மகன் ஆர். சுந்தரம், ஆனால் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. கையில் இருந்த காசு லண்டன்காரன் பூச்செண்டுக்குச் செலவு பண்ணினது கூட இருக்காது. அதனாலேயே ஒரு காட்சி முடிந்தால் அடுத்த காட்சி எதற்கு என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். ஜெய்சங்கர் பாண்டை கிண்டல் பண்ணவில்லை, பாண்டாகவே நின்றார். கோட்டு கொஞ்சம் பெரிசாக இருந்தாலும் நம்பிப் பார்த்தோம்.

அதற்காக 67 படத்தைத் தள்ளச் சொல்லவில்லை. அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. நிவன்தான் நிஜ ஜேம்ஸ் பாண்ட். ஓய்வு பெற்று, சிங்கங்கள் உலாவுகிற மாளிகையில் பியானோவில் டெபுஸி வாசித்துக்கொண்டு மரியாதையாக வாழ்கிறார். தன் பேரை எவனோ ஒருத்தனுக்குக் கொடுத்து அவன் பெண்கள் பின்னாடியும் கருவிகள் பின்னாடியும் அலைகிறான் என்று அவருக்கு அருவருப்பு. கானரியை இதை விட நேராக யாரும் அடித்ததில்லை. நிவனை அதற்குப் போட்டதும் சும்மா இல்லை. ஃபிளெமிங்குக்கு நிவன் மேல் தனிப் பிரியம், அவருடைய ஜப்பான் நாவலில் ஒரு பெண் வளர்க்கிற நீர்க்காகத்துக்கு டேவிட் என்று பேர், நிவனை நினைத்து வைத்தது. உங்கள் கூட்டம் அடுத்து பார்க்கப் போவது அந்தக் கதையின் படம்தானே, காப்பி? அந்த முதல் அரை மணி நேரத்தை ஒழுங்காக வளர்த்து ஒரே இயக்குநர் எடுத்திருந்தால் குகை தம்பியும் சிரித்திருப்பார். எதிரியைக் குழப்ப எல்லா உளவாளிக்கும் ஜேம்ஸ் பாண்ட் 007 என்றே பேர் வைக்கச் சொல்லுகிற இடம் வரை படம் சரியாகத்தான் போகிறது. அதற்கப்புறம்தான் அந்த யோசனையே சாக்காகி, யார் வேண்டுமானாலும் வரலாம் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

---

ஏற்காட்டுக்_காப்பி:

ஐயா, இது நான் எதிர்பார்க்காத விளக்கம், ரொம்ப நன்றி. அந்த வாயிலைத் தாண்டும்போதெல்லாம் போட்டோ எடுப்பதோடு சரி. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன், பளிங்கினால் ஒரு மாளிகையைப் பாடவே ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு சந்தேகம். சூதாட்டக் காட்சியில் வெல்ஸ் பாட்டுக்கு மேஜிக் எல்லாம் பண்ணிக்கொண்டிருக்கிறார், சீட்டில் யார் ஜெயிக்கிறார்கள் என்றே புரியவில்லை. கிரேக் படத்தில் போக்கர், அது தெரியும். இது என்ன ஆட்டம்?

---

செவ்வாப்பேட்டை_சீட்டு:

என் ஏரியாவுக்கு வந்துவிட்டீர்கள். அது பக்காரா. நாவலிலும் அதுதான், 2006-இல்தான் போக்கராக மாற்றினார்கள். ஆட்டம் ரொம்பச் சுலபம். ரெண்டு சீட்டு, வேண்டுமானால் மூன்றாவது ஒன்று. கூட்டினால் ஒன்பதுக்கு யார் பக்கம் வருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். பத்தும் படச் சீட்டும் பூஜ்யம். கூட்டல் பத்தைத் தாண்டினால் கடைசி எண் மட்டும்தான் கணக்கு, ஏழும் எட்டும் வந்தால் பதினைந்து இல்லை, ஐந்து. திறமைக்கு அதில் பெரிய வேலை இல்லை, அதிர்ஷ்டமும் முகத்தை வைத்துக்கொள்கிற விதமும்தான். அதனால் காட்சியாகப் பார்க்கும்போது போக்கர் அளவுக்கு விறுவிறுப்பு வராது, சீட்டைத் திருப்பினால் முடிந்தது.

படத்தில் அதற்கு மேல் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. வெல்ஸ் போட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடி சும்மா ஸ்டைலுக்கு இல்லை, அதை வைத்து எதிராளி சீட்டைப் பார்த்துவிடுவார். வெஸ்பர் அந்தக் கண்ணாடியைத் திருடிவிடுகிறாள், அப்புறம்தான் செல்லர்ஸ் பாத்திரம் ஜெயிக்கிறது. இது தெரிந்து மறுபடி பாருங்கள், அந்தக் காட்சி நன்றாகவே இருக்கும். வெல்ஸின் மேஜிக்கும் தனி ரகம், நிஜ வாழ்க்கையிலேயே அவர் மேஜிக் பித்தர். குகை அண்ணன் சொன்ன மாதிரி ஒட்டு தெரிகிறதா என்றும் கவனியுங்கள். வெல்ஸ் முகம், வெட்டு, செல்லர்ஸ் முகம், வெட்டு. ரெண்டு பேரும் ஒரே சட்டகத்தில் வருகிற இடத்தைத் தேடுவதே ஒரு விளையாட்டு. எனக்குக் கடைசி சண்டைதான் தாங்காது, குதிரையில் கௌபாய், செவ்விந்தியர், கடல்சிங்கம் என்று யார் யாரோ வந்து விழுகிறார்கள். உடி ஆலன் அணுகுண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு விக்கல் எடுத்துக்கொண்டிருப்பார், அதற்கு மட்டும் சிரித்தேன்.

---

மரவனேரி_ஸ்பீக்கர்:

அந்த உடி ஆலன் பாத்திரத்தை விட்டுவிட்டோமே. உலகத்துப் பெண்கள் எல்லாரையும் அழகாக்கி, தன்னை விட உயரமான ஆண்களை எல்லாம் ஒழித்துக்கட்டுகிற கிருமி தயாரிக்கிற வில்லன். சித்தப்பா நிவன் முன்னால் வந்தால் மட்டும் வாய் அடைத்துப் போய் சைகையில் பேசுவார். முப்பது வருஷம் கழித்து 1997-இல் மைக் மையர்ஸ் ஆஸ்டின் பவர்ஸ் எடுத்தபோது பாக்கரக்கையே திரையில் கொண்டுவந்து உட்கார வைத்தார், சும்மாவா? கோணல் விதை என்று சொல்லுங்கள், முளைக்காத விதை என்று சொல்லாதீர்கள்.

---

குகை_ரசிகன்:

முளைத்த செடியைப் பார்க்கச் சொல்லுங்கள், நான் வருகிறேன். விதையை வறுத்துக் கொடுக்காதீர்கள்.

---

பழைய_ரீல்:

ரெண்டு பேரும் ஒரு நாள் காப்பி வீட்டுக்குப் போய் எதிரெதிரே உட்காருங்களேன், இல்லை உங்களையும் தனித்தனியாகத்தான் படம் எடுக்கவேண்டுமா?

---

ஏற்காட்டுக்_காப்பி:

சரி, இப்படி முடிவு பண்ணியிருக்கிறோம். எண் கிடையாது. முதலில் ஆரம்பத்திலிருந்து எல்லாருக்கும் 007 என்று பேர் வைக்கிற இடம் வரை, அப்புறம் பெர்லின் செட், அப்புறம் கண்ணாடி திருடுகிற சூதாட்டக் காட்சி. அதோடு நிறுத்தி, மிச்ச நேரத்துக்கு வல்லவன் ஒருவன். முழுசாகப் பார்த்தே தீருவேன் என்கிற மாமாவுக்கு லேப்டாப்பும் ஹெட்போனும் பக்கத்து ரூமில் தருகிறோம். மரவனேரி நண்பர் வருவதானால் ஸ்பீக்கரைக் கொண்டுவரலாம், எங்களிடம் இருப்பது புரொஜெக்டரோடு வந்த கொசு சத்தம்தான். குகை அண்ணாவும் வரலாம், பால்கனியில் நாற்காலி போட்டிருக்கிறோம்.

---

குகை_ரசிகன்:

எந்த சனிக்கிழமை என்று சொல்லுங்கள். வல்லவன் ஒருவன் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வந்துவிடுகிறேன்.